அலையாத்திக் காட்டுக்கும் பாஸ்புக் உண்டு

கற்போம் பகுதி: காட்டின் விளைச்சலையும் அதன் மண்ணையும் நாமே அளந்து பார்ப்போம்



போன கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. கழிமுகத்துப் பக்கம் இருக்கிற நம்ம குழு ஒன்று அலையாத்திக் கன்று நடும் வேலைக்குப் போயிருந்தது. கூலி கிடைத்தது, போட்டோ எடுத்தார்கள், எத்தனை கன்று என்று எழுதிக்கொண்டு போனார்கள். எட்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒரு பகுதியில் கன்று முழங்கால் உயரத்துக்குத் தளதளவென்று நிற்கிறது. பக்கத்துப் பகுதியில் எல்லாம் குச்சி குச்சியாகக் காய்ந்து கிடக்கிறது.

“ஒரே நாள்ல, ஒரே கையாலதான் நட்டோம். அங்க பிழைச்சது இங்க ஏன் பட்டுப் போச்சு? பொம்பளைங்க சரியா நடலைன்னு எங்க மேல பழி சொல்றாங்க” என்று அந்தக் குழுவின் ஊக்குநர் அக்கா கேட்டார். கூட்டத்தில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மாதப் பாடம். மரத்தைப் பற்றிய பாடம் என்றாலும் இதில் பாதி மண்ணைப் பற்றித்தான் இருக்கும். ஏன் என்று படித்தால் புரியும்.

கொற்கையிலிருந்து தொடங்குவோம்

ஏரல் பக்கம் இருக்கிற கொற்கைக்கு நம்மில் பல பேர் போயிருப்போம். வயலும் வாழையும் இருக்கிற சின்ன ஊர். பாண்டியர் காலத்தில் அது பெரிய துறைமுகம், முத்து வியாபாரத்தின் தலைவாசல். இன்று கடலைப் பார்க்க வேண்டும் என்றால் அங்கிருந்து பல கிலோமீட்டர் போக வேண்டும்.

கடல் எங்கே போனது? தாமிரபரணி வருடா வருடம் கொண்டு வந்து கொட்டிய வண்டல், கழிமுகத்தை மேடாக்கிக்கொண்டே வந்தது. கொற்கையில் கப்பல் வர முடியாமல் போனதும் துறைமுகம் பழைய காயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்தபோது காயல்தான் பெயர் பெற்ற துறைமுகம். பிறகு அதுவும் தூர்ந்து, புன்னைக்காயல் துறைமுகம் ஆனது.

இன்றைக்கு அலையாத்தி மரங்கள் நிற்பதும் அதே பழைய காயல், புன்னைக்காயல் கழிமுகப் பகுதியில்தான். ஆறு கொண்டு வந்த வண்டல் இருக்கிற இடத்தில், கடல் ஓதம் ஏறி இறங்குகிற இடத்தில் அந்த மரம் வளர்கிறது. மண்ணும் தண்ணீரும் மாறினால் மரமும் மாறும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காட்டின் விளைச்சல் என்றால் என்ன?

வயலில் விளைச்சல் என்றால் இத்தனை மூடை நெல் என்று சொல்லிவிடுவோம். அலையாத்திக் காட்டில் அறுவடை கிடையாது. ஆனால் விளைச்சல் உண்டு. நம்ம குழு பாஸ்புக் மாதிரி அதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. இலை உதிர்வு: இது மாதா மாதம் வரும் வரவு. உதிர்ந்த இலை, பூ, காய், சுள்ளி எல்லாம் சேற்றில் விழுந்து மக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை மக்க வைக்கின்றன. அந்த மக்கை இறால் குஞ்சும் நண்டும் சின்ன மீனும் தின்கின்றன. அவற்றைப் பெரிய மீன் தின்கிறது. 1960களின் கடைசியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஹீல்ட், ஓடம் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்தச் சங்கிலியை விளக்கிக் காட்டினார்கள். அதுவரை அலையாத்திக் காட்டை வெறும் சேற்றுக்காடு என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள்.

2. மரம் பருத்தல்: இது சேமிப்பு. அடிமரம் வருடத்துக்கு எவ்வளவு பருக்கிறது என்பது கணக்கு.

3. வேரும் மண்ணும்: இது வங்கியில் போட்ட நீண்ட கால வைப்பு. மூச்சுவேர் நடுவே சேறு படிந்து, மக்கு சேர்ந்து, மண்ணுக்குள் கரி சேருகிறது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியப் பெருங்கடல், பசிபிக் கடல் பகுதிக் காடுகளில் ஹெக்டேருக்குச் சராசரியாக 1,000 டன்னுக்கு மேல் கரிமம் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். அதில் பெரும் பங்கு மரத்தில் இல்லை, மண்ணில்தான் இருந்தது. (ஒரு ஹெக்டேர் என்பது சுமார் இரண்டரை ஏக்கர்.)

ஆக, மரம் எத்தனை நட்டோம் என்பது மட்டும் விளைச்சல் ஆகாது. அது உறுப்பினர் எண்ணிக்கை மாதிரி. இருபது பேர் சேர்ந்தால் மட்டும் குழு நல்ல குழு ஆகிவிடுமா? சேமிப்பு ஏறுகிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? அதே மாதிரிதான்.

கொஞ்சம் அளந்தால் போதுமா?

போதும். நம்ம கடற்கரைக்கு இது புதிது இல்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளிப்பு அறிவிப்பதற்கு முன்னால் பாரில் இருந்து மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து வந்து, திறந்து, முத்தை மதிப்புப் போட்டுத்தான் குளிப்பு நடத்தலாமா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். சிப்பி போனாலும் அந்த முறையை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் நல்ல இடமாகப் பார்த்து மட்டும் மாதிரி எடுக்கக் கூடாது. நன்றாக இருக்கிற இடம், நடுத்தரம், மோசம் மூன்றிலும் எடுக்க வேண்டும்.

இலை உதிர்வை அளப்பது எப்படி?

தேவையானவை: கண் சிறிய நைலான் வலை, கம்பு, கயிறு, பை, தராசு, நோட்டு.

• ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள சட்டம் கட்டி அதில் வலையைத் தொட்டில் மாதிரி தொங்க விடுங்கள். கொசுவலை போல ஒரு மில்லிமீட்டர் கண் இருந்தால் சின்னப் பூவும் விழாமல் நிற்கும், மழைத் தண்ணீரும் வடிந்துவிடும்.
• மரத்து நிழலுக்கு அடியில், ஏற்றத்துத் தண்ணீர் தொடாத உயரத்தில் கட்டுங்கள். தண்ணீர் தொட்டால் இலையை ஓதம் கொண்டு போய்விடும்.
• ஒரு இடத்துக்குப் பத்து வலையாவது வேண்டும்.
• பதினைந்து நாளுக்கு ஒரு முறை சேகரியுங்கள். ரொம்ப நாள் விட்டால் வலையிலேயே மக்கிவிடும்.
• இலை, சுள்ளி, பூ காய் என்று தனித்தனியாகப் பிரித்து, சுளகில் பரப்பிக் காய வையுங்கள். ஆய்வுக்கூடத்தில் சூட்டு அடுப்பில் காய வைப்பார்கள். நாம் வெயிலில் காய வைத்து, இரண்டு நாள் அடுத்தடுத்து நிறுத்தும் எடை மாறவில்லை என்றால் காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கு எப்படி? உதாரணத்துக்கு, பத்து வலையிலும் சேர்த்து ஒரு மாதத்தில் 600 கிராம் காய்ந்த சருகு என்று வைத்துக்கொள்வோம். ஒரு வலைக்கு 60 கிராம். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 60 கிராம். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். ஆகவே ஹெக்டேருக்கு 600 கிலோ. ஏக்கர் கணக்கில் சுமார் 240 கிலோ. இப்படிப் பன்னிரண்டு மாதத்தையும் கூட்டினால் வருட வரவு.

உலகத்தில் பல இடங்களில் அளந்தவர்கள் சொல்வது: ஆற்றுத் தண்ணீரும் வண்டலும் வருகிற செழிப்பான காட்டில் வருடத்துக்கு ஹெக்டேருக்குப் பத்து டன்னுக்கு மேல் உதிரும். உப்பேறிய இடத்தில் நிற்கும் குட்டை மரக்காட்டில் இரண்டு டன் கூடத் தேறாது.

ஒரு எச்சரிக்கை. ஏதாவது ஒரு மாதம் இலை அதிகமாக விழுந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். புயல் காற்று அடித்திருக்கலாம். மரம் வாட்டத்தில் இலையைக் கொட்டியிருக்கலாம். அதனால்தான் ஒரு வருடம் முழுவதும் அளக்கச் சொல்கிறோம். கூடவே மரத்தின் பருமனையும் பார்க்கச் சொல்கிறோம்.

மரத்தின் பருமனை அளப்பது எப்படி?

பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டுங்கள். உள்ளே இருக்கும் மரத்தை எல்லாம் எண்ணுங்கள். தரையில் இருந்து 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது ஏறக்குறைய நம் நெஞ்சு உயரத்தில், தையல் டேப்பால் அடிமரத்தின் சுற்றளவை எடுங்கள். நம் பக்கம் அதிகம் நிற்பது வெண்கண்டல் என்கிற அலையாத்தி. அது தாழ்வாகவே கிளை பிரியும். அந்த உயரத்துக்குக் கீழேயே பிரிந்திருந்தால் ஒவ்வொரு தண்டையும் தனியாக அளந்து எழுதுங்கள். அளந்த இடத்தில் பெயின்ட் அடையாளம் வையுங்கள். அடுத்த வருடம் அதே மாதத்தில் அதே அடையாளத்தில் அளக்க வேண்டும்.

சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். விட்டத்தில் இருந்து மரத்தின் எடையைக் கணக்கிட ஆராய்ச்சியாளர்களிடம் சூத்திரம் இருக்கிறது. நமக்கு இது தெரிந்தால் போதும்: பருமன் இரண்டு மடங்கு ஆனால் எடை ஐந்து மடங்குக்கு மேல் ஏறும். அதனால் டேப்பில் ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் அதைச் சின்னது என்று நினைக்காதீர்கள்.

இப்போது மண்ணைக் கேட்போம்

வற்றம் இருக்கும் நேரத்தில் இரண்டு பேராகப் போங்கள். முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி எடுங்கள். ஐந்து விஷயம் பார்க்க வேண்டும்.

1. மண்ணின் பதம். ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். உருண்டை பிடித்து, விரலால் நீட்டினால் பட்டையாக நீண்டால் அதில் களி அதிகம். உதிர்ந்து போனால் மணல் அதிகம். களியும் வண்டலும் சத்தைப் பிடித்து வைக்கும். வெறும் மணலில் சத்து நிற்காது.

2. உப்பு. குழியில் ஊறி வருகிற தண்ணீரை எடுத்து, துணியில் வடிகட்டி, தெளிய விடுங்கள். உப்பளத்தில் வேலை பார்க்கும் சகோதரிகளுக்கு டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழாய் பழகிய பொருள்தான். உப்பு பூக்கிற 25 டிகிரி வரை அதில் பார்த்திருப்பீர்கள். அதே குழாயை இங்கே போடுங்கள். முதலில் கடல் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மூன்று, மூன்றரை டிகிரி காட்டும். அதுதான் நம் அளவுகோல். குழித் தண்ணீர் அதைவிடக் குறைவாகக் காட்டினால் ஆற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ வந்து சேருகிறது என்று பொருள். அங்கே அலையாத்தி நன்றாக வளரும். கடலளவு இருந்தால் தாக்குப்பிடிக்கும். ஏழு டிகிரியைத் தொட்டால் கடலைப் போல இரண்டு மடங்கு உப்பு. அங்கே பழைய மரம் குட்டையாக நின்றாலும் நிற்கும், புதுக் கன்று பிழைப்பது கஷ்டம்.

3. வாடை. குழி மண் கருப்பாக இருந்து கூமுட்டை வாடை பலமாக அடித்தால் அங்கே தண்ணீர் நகராமல் தேங்குகிறது. காற்று புகாத சேற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு உண்டாகிறது. அலையாத்திச் சேற்றில் கொஞ்சம் வாடை இருப்பது இயல்பு. மூக்கைப் பொத்துகிற அளவுக்கு இருந்தால் வேருக்கு ஆகாது.

4. புளிப்பு. கடையில் கிடைக்கும் பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். ஏழுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஐந்துக்குக் கீழே போனால் மண் புளித்துவிட்டது. எப்போதும் ஈரமாக இருந்த கருஞ்சேற்றை வரப்பு போட்டுக் காய விட்டால் அதில் இருக்கிற கந்தகம் காற்றுப் பட்டு அமிலமாக மாறும்.

5. மேடு பள்ளம். ஒரு நீளக் கம்பில் சென்டிமீட்டர் கோடு போட்டு நட்டு, ஏற்றத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, வற்றத்தில் எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். நம் கடற்கரையில் ஓதம் ஒரு மீட்டர் அளவுக்குள்தான் ஏறி இறங்கும். ஆகவே ஒரு சாண் மேடு இருந்தால் தண்ணீர் ஏறாது. ஒரு சாண் பள்ளம் இருந்தால் ஏறிய தண்ணீர் இறங்காது.

மழை முடிந்து தை மாதத்தில் ஒரு முறை, வெயில் முற்றிய வைகாசி, ஆனியில் ஒரு முறை பார்ப்பது அவசியம். தை மாதம் நல்ல பிள்ளையாக இருக்கும் மண் ஆனியில் உப்பாகப் பூத்து நிற்கும்.

மண்ணுக்கும் விளைச்சலுக்கும் என்ன சம்பந்தம்?

அலையாத்தி உப்பைத் தாங்கும் மரம். வேரிலேயே உப்பில் பெரும் பகுதியைத் தடுத்துவிடும். மீறி வந்ததை இலை வழியாக வெளியே தள்ளும். காலையில் இலையை நக்கிப் பார்த்தால் கரிப்பது அதனால்தான். ஆனால் இந்த வேலைக்கு அதற்குச் செலவு உண்டு. உப்பு கூடக் கூட, வளர்ச்சிக்குப் போக வேண்டிய சத்து உப்போடு மல்லுக்கட்டவே போய்விடும். வட்டி கட்டவே சம்பாத்தியம் சரியாகப் போகிற குடும்பம் மாதிரி. இலை சிறுக்கும், மரம் குட்டையாகும், உதிர்வு குறையும்.

மூச்சுவேருக்கும் காற்று வேண்டும். தண்ணீர் நாள் கணக்கில் தேங்கினாலும், வேர்மேல் மணல் மூடினாலும் மூச்சு முட்டும்.

சத்தும் ஒரு காரணம். மத்திய அமெரிக்காவில் பெலிஸ் நாட்டுத் தீவு ஒன்றில் பல வருடமாகக் குட்டையாகவே நின்ற கண்டல் மரங்கள் இருந்தன. 1990களில் இல்கா ஃபெல்லர் என்ற பெண் விஞ்ஞானி அவற்றின் அடியில் பாஸ்பரஸ் சத்து வைத்துப் பார்த்தார். மரங்கள் வேகமாக வளர ஆரம்பித்தன. அவை குட்டை ஜாதி இல்லை, மண்ணில் பசி. இதைப் படித்துவிட்டு யாரும் யூரியா மூடையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்! அது சோதனை. நம் பக்கம் அந்தச் சத்தைக் கொண்டு வர வேண்டியது ஆற்றுத் தண்ணீரும் வண்டலும்.

நம்ம தமிழ்நாட்டிலும் பார்த்திருக்கிறார்கள். காடு ஏன் நலிந்து போகிறது என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கதிரேசன் ஆராய்ந்து 2002இல் எழுதினார். நலிந்த இடத்து மண்ணில் உப்பு கூடுதல், சத்து குறைவு, நுண்ணுயிரும் குறைவு என்று அவர் கண்டார்.

பிச்சாவரத்தில் என்ன நடந்தது?

சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரம் காடு ஒரு காலத்தில் நடுநடுவே மொட்டையாகிக்கொண்டே வந்தது. ஆடு மாடு மேய்க்கிற, விறகு ஒடிக்கிற ஊர்க்காரர்கள்தான் காரணம் என்று பழி விழுந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மண்ணையும் மட்டத்தையும் அளந்து பார்த்தது. வேறு கதை தெரிந்தது.

ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை காட்டைப் பகுதி பகுதியாக முழுசாக வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய இடத்தில் வெயில் நேரே மண்ணில் விழுந்தது. ஈரம் வற்றி மண் அமுங்கித் தட்டு மாதிரி குழிந்துவிட்டது. பெரிய ஓதத்தில் உள்ளே வந்த கடல் தண்ணீர் திரும்பப் போக வழியில்லை. தேங்கிக் காய்ந்து, காய்ந்து தேங்கி உப்பு ஏறிக்கொண்டே போனது. விழுந்த விதை எல்லாம் அங்கே செத்தது.

நோய் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. மீன்முள் மாதிரி நடுவே ஒரு பெரிய வாய்க்காலும் இரண்டு பக்கமும் சின்ன வாய்க்கால்களும் வெட்டினார்கள். ஓதம் உள்ளே வந்து வெளியே போனது. உப்பு கழுவப்பட்டு இறங்கியது. அதன் பிறகுதான் வாய்க்கால் ஓரத்தில் அலையாத்தி நட்டார்கள். வனத்துறையும் ஊர் மக்களும் பெண்கள் குழுக்களும் அதில் சேர்ந்து வேலை செய்தார்கள். செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டபோது 1986க்கும் 2002க்கும் நடுவில் பிச்சாவரத்தில் காட்டுப் பரப்பு சுமார் 90 சதவீதம் கூடியிருந்தது.

கவனியுங்கள் சகோதரிகளே. அளக்கும் வரை பழி ஊர்க்காரர்கள் தலையில் இருந்தது. அளந்த பிறகுதான் அது இறங்கியது.

நம் பகுதிக்கு எது பொருந்தும்?

பிச்சாவரத்து மருந்தை அப்படியே இங்கே கொண்டு வர முடியாது. நம் இடத்தை நாம் பார்க்க வேண்டும்.

• தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அதைத் தாண்டி வருகிற தண்ணீர்தான் கழிமுகத்துக்கு. அது குறைகிற காலத்தில் குழித் தண்ணீரின் டிகிரி ஏறும்.
• 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதையும், தாமிரபரணி வெள்ளம் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்தைப் புரட்டிப் போட்டதையும் மறக்க முடியாது. அவ்வளவு பெரிய வெள்ளத்துக்குப் பிறகு கழிமுகத்தில் பழைய மேடு பழைய மேடாக இருக்காது. மெல்லிய வண்டல் படிந்தால் மரத்துக்கு உணவு, கனமான மணல் மூடினால் ஆபத்து. வெள்ளத்துக்கு முன் எடுத்த மட்டத்தை நம்பி நடக் கூடாது.
• 2023இல் தொடங்கிய ஒன்றிய அரசின் ‘மிஷ்டி’ திட்டம், கடலோரத்திலும் வாய்ப்புள்ள உப்பள நிலங்களிலும் அலையாத்தி வளர்ப்பதைப் பற்றிப் பேசுகிறது. உப்பளத்து நிலம் எப்படிப்பட்டது என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? ஓதம் போய் வர வழி வைக்காமல், உப்பு இறங்காமல் அங்கே கன்று வைத்தால் என்ன ஆகும் என்று இப்போது நம்மால் சொல்ல முடியும்.
• மண் சொல்வதைச் செடியும் சொல்லும். உமரி மட்டும் படர்ந்து, நடுவே உப்புப் பூத்துக் கிடந்தால் அது உப்பேறிய மேடு. உமரிக்காடு என்று ஊருக்கே பெயர் இருக்கிற மாவட்டம் நம்முடையது. நம் பெரியவர்களிடம் கேட்டால் எந்த இடம் என்ன இடம் என்று சொல்வார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில்

நாங்கள் அந்தக் குழுவோடு சேர்ந்து அந்த இடத்துக்குப் போனோம். கம்பு நட்டோம், குழி எடுத்தோம், டிகிரி பார்த்தோம். கன்று பிழைத்த பகுதியில் ஏற்றத்துத் தண்ணீர் வந்து வற்றத்தில் சுத்தமாக வடிந்துவிட்டது. டிகிரி கடலை ஒட்டியே நின்றது. பட்டுப் போன பகுதி பார்வைக்குச் சமமாகத்தான் தெரிந்தது. கம்பு வைத்துப் பார்த்தால் ஒரு சாண் பள்ளம். சுற்றிலும் ஒரு பழைய வரப்பு. உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லை. டிகிரி கடலைவிட எங்கேயோ மேலே நின்றது, கூமுட்டை வாடையும் அடித்தது. நட்ட கையில் குற்றம் இல்லை. நடச் சொன்ன இடம்தான் தப்பு.

அந்தக் குழு இதை எல்லாம் தேதி போட்டு நோட்டில் எழுதியிருக்கிறது. அடுத்த கிராம சபையில் இரண்டு கோரிக்கை வைக்கப் போகிறார்கள். ஒன்று, நடுவதற்கு முன்னால் மண் பார்க்க வேண்டும், அந்த வேலைக்கும் கூலி வேண்டும். இரண்டு, நட்ட கன்றை மட்டும் எண்ணாமல் ஒரு வருடம் கழித்துப் பிழைத்த கன்றையும் எண்ணி எழுத வேண்டும்.

நினைவில் வைக்க

• அலையாத்திக் காடு சட்டப் பாதுகாப்பில் இருப்பது. வலை கட்டவும் குழி எடுக்கவும் வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். நாமாக வாய்க்கால் வெட்டக் கூடாது.
• மூச்சுவேரை மிதிக்காதீர்கள். ஒரே பாதையில் போய் வாருங்கள்.
• சிப்பி ஓடு காலை அறுக்கும். செருப்பில்லாமல் போகாதீர்கள். ஓத நேரம் தெரிந்து போங்கள்.
• மண்ணின் சத்து, கரிமம் போன்றவற்றுக்கு ஆய்வுக்கூடம் வேண்டும். தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரியும், வல்லநாடு கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரியும் இருக்கின்றன. குழுவாகப் போய்க் கேளுங்கள்.
• தேதி இல்லாத கணக்கு கணக்கே இல்லை.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் ஊரில் கன்று நட்டுப் பிழைக்காத இடம் உண்டா? அங்கே தண்ணீர் வந்து போகிறதா, தேங்குகிறதா?
2. நண்டும் இறாலும் முன்பு அதிகம் கிடைத்து இப்போது குறைந்த இடம் எது? அங்கே மரம் எப்படி இருக்கிறது?
3. நம் குழுவில் டிகிரி பார்க்கத் தெரிந்தவர் யார்? கணக்கு எழுதுபவர் யார்? வலை கட்டத் தெரிந்தவர் யார்?

மூன்றாவது கேள்விக்குப் பெயர் எழுதிக்கொண்டு அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வாருங்கள். டிகிரி குழாயும் கோடு போட்ட கம்பும் அன்றைக்குக் கொண்டு வருகிறோம், எல்லோரும் கையில் எடுத்துப் பழகிக்கொள்ளலாம்.

திரும்பி வரும்போது அந்த ஊக்குநர் அக்கா சொன்னதோடு முடிக்கிறோம். “இனிமே யாரு கன்னு கொண்டு வந்தாலும், மொதல்ல கம்ப நட்டுப் பாப்போம், பொறவு கன்ன நடலாம்னு சொல்லிருவேன்.”